ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேர்வா, அரசுக்குத் தேர்வா?

(கெங்குவார்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



கோடைமலைக்கு ஏறும் சாலை தரையை விட்டு மேலெழும் இடத்திற்கு அருகில், மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவில் அமைந்தது இக் கெங்குவார்பட்டி. இங்கே தோப்பு வேலைக்குச் செல்லும் ஒரு தாயையும், ஐந்தாம் வகுப்பில் பயிலும் அவள் மகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களின் பெயர் எதுவாயினும் இருக்கட்டும். இத்தகைய தாயும் மகளும் இல்லாத தெரு இவ்வட்டாரத்தில் இல்லை. சித்திரை பிறந்தால் மா அறுவடைக் காலம். விடியுமுன் தாய் தோப்புக்குப் போய்விடுவாள். உலை வைப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் பத்து அகவைச் சிறுமியின் தலையில் விழும். அந்தச் சிறுமி 15.4.2020 அன்று பொதுத்தேர்வு எழுதவேண்டும் என்று தமிழக அரசு நாள் குறித்திருந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு என மூன்று தாள். எட்டாம் வகுப்பில் பயிலும் அவள் அண்ணனுக்கு அதற்கு முன்பே, பங்குனியிலேயே தேர்வு.

அத்தேர்வு நடைபெறவில்லை. 4.2.2020 அன்று அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அதனைக் கைவிடுவதாக அறிவித்தார். பெற்றோரும் ஆசிரியரும் தமிழறிஞரும் மருத்துவரும் கட்சி வேறுபாடின்றி எழுப்பிய குரலே அதற்குக் கரணியம். ஆயினும் அந்த ஆணை எங்கிருந்து வந்தது, அது போன பின்னும் அதன் வேர் எங்கே இருக்கின்றது என்பதை அறியாமல் ஓய்ந்துவிடுதல் தகாது. வெட்டிய கருவேல் வேரிலிருந்து துளிர்ப்பதைத் தோட்டக்காரர்களாகிய உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

2009ஆம் ஆண்டின் இலவயக் கட்டாயக் கல்வியுரிமைச் சட்டம் 1.4.2010 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைத்தல் கூடாது, பள்ளியை விட்டு விலக்குதலும் கூடாது என்றது. 30ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பொதுத்தேர்விலும் தேர்ச்சி பெறுமாறு பிள்ளையைக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்றது. பத்தாண்டு கழிவதற்குள்ளேயே, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நடுவணரசு 16ஆம் பிரிவைத் திருத்தியது. 5ஆம் வகுப்பின் முடிவிலும் 8ஆம் வகுப்பின் முடிவிலும் முறையான தேர்வு வேண்டும். தவறிய பிள்ளைக்கு இரண்டு திங்களுக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால் நிறுத்திவைக்கலாமா என்பதை மாநில அரசு முடிவு செய்துகொள்ளலாம். திருத்தத்தின் சாரம் இதுவே.

கூர்ந்து நோக்குங்கள். நிறுத்திவைத்தே தீரவேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. மாநிலம் விரும்பினால் செய்யலாம் என்றே சொன்னது. ஆயினும் 13.9.2019 அன்று தமிழக அரசு முந்திக்கொண்டு ஆணை பிறப்பித்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு எவரையும் நிறுத்திவைக்கமாட்டோம் என்று அதிலேயே ஒரு தேனையும் தடவியது. மூன்றாண்டு கழித்து என்ன செய்வார்களாம்? கோழிக்குஞ்சைக் கூடையால் மூடிவிட்டு, இன்றைக்கு அறுக்கமாட்டேன் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டோ?

தேர்வு என்னும் சொல்லையே ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். பரீட்சை என்னும் வடசொல் வழக்கொழிந்து, தேர்வு என்னும் தூய தமிழ்ச்சொல் இன்று ஊரெங்கும் வழங்குகின்றது, மகிழத்தக்கது. தேர்தல் என்பது ஆராய்ந்து தெளிதல். வள்ளுவப் பெருந்தகை தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது வினைக்கு உரியவனை அரசன் ஆராய்ந்து கொள்ளும் முறை பற்றியது. பொறுப்பில் அமர்த்தப்படுபவனையே ஆராயவேண்டும் என்பது அங்கே கருத்து. பொறுப்பு என்னும் சொல்லும் பொறு என்னும் வேரினது; சுமை தாங்குவது என்று பொருள். பள்ளிக்கல்வியின் பொறுப்பைத் தாங்கவேண்டியவர் எவரோ அவரைத் தேர்ந்து பார்ப்பதே முறை. பத்து அகவைப் பிள்ளை எந்தப் பொறுப்பை ஏற்றது, அதனைத் தேர்வதற்கு?

இனி, அரசு ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்ன என்று அதே சட்டத்தின் அட்டவணையில் காண்க. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இருந்தால் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல். குடிநீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், விளையாட்டிடம், நூலகம், சுற்றுச்சுவர்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். சிற்றூர்ப் பள்ளிகளில் மிகப்பல ஈராசிரியர் பள்ளிகள். வகுப்போ ஐந்து. ஓர் ஆசிரியருக்கு இரண்டரை வகுப்பு. ஆண்டின் 800 மணி நேரத்தை இரண்டரையால் வகுத்தால் 320. ஒரு வகுப்புக்கு ஆசிரியர் நேர்முகமாக நின்று கற்பிக்கக் கூடிய நேரம், சட்டம் முழுவதும் ஒழுங்காக நிறைவேறினாலும், 320 மணி நேரமே! வகுப்புகளைச் சேர்த்து அமர்த்தியும், மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தும் நல்லாசிரியர்கள் இக்குறையை ஈடுகட்டுகின்றார்கள். அவர்களின் உழைப்பிற்குத் தலைவணங்குக. எனினும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உள்ள நகரப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு 800 மணி நேரம் முழுமையாகக் கிடைக்கின்றது. 800 பெற்ற பிள்ளைக்கும் 320 பெற்ற பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள் என்றால், அத்தாள் பிள்ளையின் அறிவை அளக்கின்றதா, அரசு அமர்த்தாத ஆசிரியர்களின் எண்ணிக்கையை அளக்கின்றதா?

இந்தக் கணக்கில் சட்டமீறல் ஏதும் இல்லை என்பதுதான் பெருங்கொடுமை. ஐந்து வகுப்பிற்கு இரண்டே ஆசிரியர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது.

பிள்ளைக்கு வேண்டா, பள்ளிக்கும் மாநிலத்திற்கும் மதிப்பெண் அட்டை வழங்கிப் பொறுப்பை நிலைநாட்டலாமே என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. அத்தகைய அட்டைகள் இப்பொழுதே வழங்கப்படுகின்றன. அவற்றின் திறத்தைப் பார்ப்போர்க்கு வியப்பு மேலிடும்.

நடுவணரசின் கல்வித்துறை 2017-18ஆம் ஆண்டிலிருந்து மாநிலங்களுக்குச் செயல்திறன் தரவரிசை வழங்கி வருகின்றது. தொடக்க ஆண்டுகளில் 70 கூறுகள், மொத்தம் 1,000 புள்ளிகள் என வகுத்திருந்தார்கள். அந்த 1,000இல் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதற்கு 180 புள்ளி. ஆளுகை முறைக்கு, அதாவது கணினியில் பதிவேற்றல், வருகைப் பதிவு, பணம் உரிய நாளில் விடுவித்தல் முதலியவற்றிற்கு, 360 புள்ளி! கற்றலுக்கு உள்ளதைப்போல் இருமடங்கு கணக்கெழுதுவதற்கு! 2019-20ஆம் ஆண்டுக்கான வரிசையில் பஞ்சாபு, சண்டிகர், கேரளம், அந்தமான் ஆகியவற்றோடு தமிழகமும் தலைவரிசையில் நின்றது. 2021ஆம் ஆண்டில் அது வெளியானபோது பாராட்டு மழை பொழிந்தது.

மறு ஆண்டே மற்றோர் அட்டை வந்தது. 12.11.2021 அன்று நாடு முழுவதும் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளில் நடந்த கற்றல் அடைவாய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. அதில் தொடக்க வகுப்புகளில் தமிழகப் பிள்ளைகள் நாட்டு நடுமட்டத்திற்கும் கீழே எனப்பட்டனர். முந்திய அட்டையில் முடிசூடிய மாநிலம் பிந்திய அட்டையில் தலைகுனிந்து நின்றது. எது உண்மை? தரவரிசை அட்டையில் கற்றலுக்கு இட்ட புள்ளிகளும் 2017இல் எடுத்த பழைய ஆய்விலிருந்து பெறப்பட்டவை. அடைவாய்வு நடந்த நாளையோ எண்ணிப் பாருங்கள்: பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டின் பங்குனியில் மூடப்பெற்ற பள்ளிகளில், தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை திறக்கப்பட்ட நாள் 1.11.2021. ஏறத்தாழ 19 திங்கள் பள்ளிப் படியையே மிதியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை, மீண்டும் வகுப்பறையில் அமர்ந்து பன்னிரண்டாம் நாளே ஆய்வுத்தாளின்முன் அமர்த்தப்பட்டது. அப்பிள்ளை முதல் வகுப்பைப் பாதியில் விட்டது. இரண்டாம் வகுப்பைக் காணவேயில்லை.

ஆயினும் ஓர் உண்மையை இங்கே மறைத்தல் கூடாது. அட்டை கோணல் என்பதற்காக முகம் நேராக இருக்கின்றது என்று சொல்லிவிட முடியாது. தமிழுணர்வாளர் எனப்படுவோர்க்கு இச்செய்தி நெஞ்சில் தைக்கவேண்டும். பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் ஊர்ப்புறங்களில் வீடுவீடாகச் சென்று நடத்திய 2022ஆம் ஆண்டாய்வில், தமிழகத்தின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கவல்லார் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. எந்த மொழிப் பாடத்தை? தமிழை! தாயின் மடியில் கேட்டுப் பேசிய மொழியை! அதே 2022ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த்தாளில் மட்டும் 47,000க்கும் மேற்பட்டோர் தவறினர். பெருந்தொற்று இதற்கு ஒரு பங்கு கரணியம். முழுக் கரணியம் அன்று. தொற்றுக்கு முந்திய ஆய்வுகளிலும் இப்படிப்பு நிலை பெருமை கொள்ளத்தக்கதாக இருந்ததில்லை.

எல்லாரையும் தேர்ச்சி என்று எழுதி மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவதால் எவருடைய குறையும் தீர்வதில்லை என்பது தெளிவு. அப்படியானால் ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைத்தால் தீருமா? அதே இரண்டாசிரியர், அதே ஐந்து வகுப்பு, அதே 320 மணி நேரம். அதே பாடத்தை அதே முறையில் மறுமுறை கேட்கும் பிள்ளைக்குப் புதிதாகக் கிடைப்பது என்ன? தன்னோடு ஓடி விளையாடிய தோழியர் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள் என்னும் நாணமும், தோப்பில் கூலிக்கு ஆள் வேண்டும் என்னும் அழைப்புமே. பெண்பிள்ளையாயின் அவ்வழைப்பு இன்னும் விரைவாக வரும். இங்கிருந்து மேற்கே கம்பம் பள்ளத்தாக்கிற்குப் போனால், குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வண்டியேறிப் போகும் பெண்களைக் காணலாம். பள்ளியை எந்த வகுப்பில் விட்டீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஆய்வறிக்கையும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

தேர்வைக் காட்டிப் பள்ளியை அச்சுறுத்தும் முறை இன்று முளைத்ததும் அன்று. 1862இல் இங்கிலாந்தில் இராபர்ட்டு உலோ என்பார் கல்வித்துறையை நடத்தியபோது, தேர்ச்சிக்கு ஏற்பவே பள்ளிக்குப் பணம் என்னும் முறையைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் செய்து பார்ப்பார்; தவறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியின் நல்கையில் பிடித்தம். விளைவு என்ன? பிள்ளைகள் பாடநூலைப் பொருள் அறியாமல் உருப்போட்டனர். தேர்வில் வாராத பாடங்கள் தேய்ந்தன. மத்தேயு ஆர்னால்டு என்னும் பாவலர் தாமே பள்ளி ஆய்வாளராக இருந்தும் இம்முறையை ஓயாது எதிர்த்தார். ஏறத்தாழ முப்பதாண்டுக்குப்பின் இங்கிலாந்து இதனைக் கைகழுவியது. அதற்குள் ஆங்கிலேயர் இதனைச் சென்னை மாகாணத்திற்கும் இறக்குமதி செய்து, சிற்றூர்த் திண்ணைப் பள்ளிகளுக்கு நல்கை வழங்கும் அளவுகோலாக்கியிருந்தனர். வெள்ளைக்காரன் தன் நாட்டில் கழித்துக் கட்டிய சரக்கு இங்கே விலைபோவது புதுச் செய்தியா?

அமெரிக்க நாடு 2002இல் இதே வழியில் ஒரு பெருஞ்சட்டம் இயற்றியது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் தேர்வு; ஒவ்வொரு பள்ளிக்கும் ஊரறிய மதிப்பெண் அட்டை; 2014ஆம் ஆண்டுக்குள் நாட்டின் அனைத்துப் பிள்ளைகளும் படிப்பிலும் கணக்கிலும் தகுதி பெற்றிருக்க வேண்டும்; பின்தங்கிய பள்ளிக்கு ஒறுப்பு. அட்லாண்டா நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மதிப்பெண் திடீரென உயர்ந்தது, பாராட்டுகள் குவிந்தன. 2011இல் அரசு அமர்த்திய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: 44 பள்ளிகளில் 178 ஆசிரியரும் தலைமையாசிரியரும் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தும் குற்றத்தில் தொடர்புற்றிருந்தனர். தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்தனர். 2015இல் பதினொருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் அச்சட்டமே விலக்கப்பட்டு வேறு சட்டம் வந்தது. ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இது சொல்லப்படவில்லை. அளவுகோலை வாழ்வுக்கும் வேலைக்கும் கட்டிவிட்டால், அளக்கப்படுபவன் அளவுகோலையே வளைப்பான்.

தமிழகத்திற்கும் இப்பாடம் புதிதன்று. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவித்து, அந்த வரிசையை வைத்து வணிகம் நடந்த காலத்தை மறந்துவிடவில்லை எவரும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன. 2017இல் முதலிட அறிவிப்பு நிறுத்தப்பட்டது, நல்ல செயல். பதினொன்றாம் வகுப்பைப் பள்ளிகள் தாண்டிக் குதிப்பதைத் தடுக்க 2017-18இல் அவ்வகுப்புக்கும் ஒரு பொதுத்தேர்வு கொண்டுவந்தனர். பள்ளிகள் செய்த பிழைக்குப் பிள்ளைகள் தலையில் இன்னொரு சுமை! 8.8.2025 அன்று வெளியிடப்பெற்ற மாநிலக் கல்விக்கொள்கையின் வழி, 2025-26 முதல் அத்தேர்வு நீக்கப்பட்டது.

வேர் எங்கே என்று தொடக்கத்தில் கேட்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் புதிய கல்விக்கொள்கை 3, 5, 8 ஆகிய வகுப்புகளில் தேர்வு வேண்டும் என்கின்றது. மூன்றாம் வகுப்பும் சேர்ந்துகொண்டது காண்க. 16.12.2024 அன்று நடுவணரசு தன் ஆளுகையிலுள்ள பள்ளிகளில் 5, 8 ஆம் வகுப்புகளில் தவறியோரை நிறுத்திவைக்க விதி வகுத்துவிட்டது. தமிழகப் பள்ளிகளில் பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு உடனே அறிவித்தது. 2025ஆம் ஆண்டின் கொள்கையிலும் அதனை உறுதி செய்தது. ஆயினும் 2019ஆம் ஆண்டின் திருத்தம் சட்டநூலில் அப்படியே இருக்கின்றது. ஓர் அரசாணையால் வந்தது ஓர் அறிவிப்பால் போயிற்று. இன்னோர் ஆணையால் மீண்டும் வரலாம். கொள்கையை ஏற்காத மாநிலத்திற்குப் பணமில்லை என்னும் நெருக்கடியையும் கண்டாயிற்று: 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி உருபா நிறுத்திவைக்கப்பட்டது. ஆசிரியர் ஊதியத்திற்கும் பிள்ளைகளின் நலத்திற்கும் உரிய பணம் அது. தமிழகம் கட்டிய வரியின் பங்கு அது. இலண்டனில் 1862இல் பள்ளிக்குப் பிடித்தம் செய்தார்கள். தில்லியில் மாநிலத்திற்கே பிடித்தம்.

தமிழ்வழிக் கல்வியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கின்றது என்பதும் அறியத்தக்கது. 29ஆம் பிரிவில், பயிற்றுமொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்கவேண்டும் என்று இருக்கின்றது. இயன்றவரை! அந்த ஒற்றைச்சொல்லின் ஓட்டை வழியாகத்தான் ஆங்கிலவழி வகுப்புகள் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. 2006இல் தமிழகம் இயற்றிய தமிழ் கற்றல் சட்டமும், முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டி, தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியதே அன்றி, பயிற்றுமொழியாக ஆக்கவில்லை. தமிழைப் படிக்கத் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் புகட்டினால் அது எதைக் கற்கும்? தரம் தரம் என்று முழங்குவோர் எவரும் இந்தக் கூறுக்கு எந்த அட்டையிலும் ஒரு புள்ளிகூட ஒதுக்கவில்லை.

பெற்றோர்களே! சட்டத்தின் 24ஆம் பிரிவு, பிள்ளையின் வருகையையும் கற்றல் முன்னேற்றத்தையும் பற்றிப் பெற்றோரைக் கூட்டி எடுத்துரைப்பதை ஆசிரியரின் கடமையாக்கியிருக்கின்றது. 21ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கின்றது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். மாந்தோப்புக்குப் போகும் அந்தத் தாய்க்கும் அக்குழுவில் இருக்கை உண்டு. 22ஆம் பிரிவின்படி பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுக்க வேண்டியது அக்குழுவே. அரசு அப்பள்ளிக்கு வழங்கும் நல்கைக்கு அத்திட்டமே அடிப்படை.

அக்குழு கூடும் நாளில் போய் அமருங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்பள்ளியில் எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர், சென்ற ஆண்டு அவர்கள் எத்தனை நாள் வேறு அலுவலுக்கு அனுப்பப்பட்டனர் என்று கேளுங்கள். குடிகணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இவை தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்புதல் 27ஆம் பிரிவின்படி ஆகாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, அச்சுறுத்தாமல், அதன் தமிழ்ப்பாட நூலில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படித்தால் ஆசிரியரைப் பாராட்டுங்கள். படிக்கவில்லையென்றால் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள். அந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லாமல் கழிந்த மணி நேரத்தை எழுதுங்கள். அதைத் தீர்மானமாக்கி, மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, படியொன்றைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.